குளிர்கால மனச்சோர்வுக்கு ஒளிச்சிகிச்சை விளக்கு: தேர்ந்தெடுப்பதும் சரியாகப் பயன்படுத்துவதும்

யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூட ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம் இருக்கும். ரொறன்ரோவில் டிசம்பர் 21ஆம் திகதியன்று சூரியன் காலை 7.48 அளவில் எழுந்து மாலை 4.43 அளவில் மறைந்துவிடுகிறது. முழுதாக 9 மணி நேரப் பகல்கூடக் கிடைப்பதில்லை. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்த பிறகு, யன்னல் இல்லாத தொழிற்சாலையிலோ களஞ்சியத்திலோ வேலை செய்பவர் வாரத்தில் ஐந்து நாட்களும் சூரியனைக் காணாமலே கழித்துவிட நேரும்.

இங்கு வந்த மூன்றாவது குளிர்காலத்தில் எனக்குக் காலையில் கட்டிலை விட்டு எழும்புவதே பெரும்பாடாகிப் போனது. பத்து மணி நேரம் தூங்கியும் உடம்பு நனைந்த சாக்குப் போலக் கனத்தது. சோறும் பாணும் இனிப்பும் எவ்வளவு சாப்பிட்டும் போதவில்லை. தொலைபேசி அடித்தால் எடுக்க மனம் வரவில்லை. வீட்டில் அதற்கு ஒரே பெயர்தான் இருந்தது: பஞ்சி. ஏப்ரலில் எல்லாம் தானாகவே விலகியது, அடுத்த நவம்பரில் அப்படியே திரும்பி வந்தது. இரண்டாவது முறை வந்தபோதுதான் குடும்ப வைத்தியரிடம் போனேன். இது பருவகால மனச்சோர்வு என்றும், காலை வேளையில் பிரகாசமான ஒளியைப் பயன்படுத்துவது இதற்கு முதன்மையான சிகிச்சைகளில் ஒன்று என்றும் அவர் சொன்னார். விளக்கை வாங்கினேன், ஆனால் அதைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள இன்னொரு குளிர்காலம் முழுவதும் வீணானது. அந்த ஒரு குளிர்காலத்தை மற்றவர்களாவது இழக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இந்த நோய்க்குப் பெயரிட்டு 1984இல் முதன்முதலாக முறைப்படி விவரித்தவர் நோர்மன் ரோசெந்தால் என்ற உளநல மருத்துவர். அவரும் தென்னாபிரிக்காவின் ஜொகன்னஸ்பேர்க் நகரிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்; வெயில் நாட்டிலிருந்து வந்த தன் உடம்பு குளிர்காலத்தில் துவண்டுபோவதை அவர் தன்னிடமே கண்டிருந்தார். ஆகவே இதைச் சோம்பல் என்றோ நன்றிகெட்டதனம் என்றோ யாராவது சொன்னால் அதை மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

விளக்கு வாங்குவதற்கு முன்பு

கடைக்குப் போவதற்கு முன் வைத்தியரிடம் போவதுதான் முறை. களைப்பும் அதிக தூக்கமும் பல காரணங்களால் வரலாம். தைரொயிட் சுரப்புக் குறைவு, இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தச்சோகை, மரக்கறி மட்டும் உண்பவர்களிடம் காணப்படும் பி12 குறைபாடு ஆகியவை நம்மவரிடையே அரிதானவை அல்ல. ஓர் எளிய இரத்தப் பரிசோதனையில் இவை தெரிந்துவிடும். தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது அதே பருவத்தில் வந்து அதே பருவத்தில் விலகும் மனச்சோர்வைத்தான் மருத்துவர்கள் பருவகால வகை என்று கொள்கிறார்கள்.

அடுத்து, கண். நீரிழிவு நோயுள்ளவர்கள் இந்த வரியைத் தாண்டிச் செல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நீரிழிவினால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும், விழித்திரையின் மையப்பகுதி சிதைவுற்றவர்களும், கண் அழுத்த நோயோ கண்புரையோ உள்ளவர்களும் கண் மருத்துவரின் சம்மதம் பெறாமல் இந்த விளக்கின் முன் உட்காரக் கூடாது. தென்னாசியர்களிடையே நீரிழிவு மிகுந்திருப்பதால், நம் குடும்பங்களில் ஐம்பது வயதைக் கடந்தவருக்கு விளக்கை வாங்கிப் பரிசளிக்கும் முன் அவருடைய கண்ணைப் பரிசோதிப்பதே முதல் வேலையாக இருக்க வேண்டும்.

சில மருந்துகள் கண்ணையும் தோலையும் ஒளிக்குக் கூச வைக்கும். முகப்பருவுக்கும் தொற்றுகளுக்கும் கொடுக்கப்படும் டொக்சிசைக்ளின், கடும் முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின், இதயத்துடிப்புக் கோளாறுக்கான அமியோடரோன், கடைகளில் மூலிகை என்று விற்கப்படும் சென் ஜோன்ஸ் வோர்ட் ஆகியவை அவற்றுள் சில. நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துகளையும் மருந்தாளரிடம் காட்டிக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் பதில் கிடைக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கை இருமுனைய மனநோய் பற்றியது. உங்களுக்கோ நெருங்கிய இரத்த உறவினருக்கோ மனம் அளவுக்கு மீறி எழுச்சி கொள்ளும் காலங்கள் இருந்திருந்தால், ஒளிச்சிகிச்சை அந்த எழுச்சியைத் தூண்டிவிடக்கூடும். அப்படிப்பட்டவர்கள் உளநல மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே இதைத் தொடங்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் விளக்குக்காகவும் வசந்தத்துக்காகவும் காத்திருக்க வேண்டாம். கனடாவில் 988 என்ற இலக்கத்தை எந்த நேரத்திலும் அழைக்கலாம் அல்லது குறுஞ்செய்தி அனுப்பலாம்.

ஒளி எப்படி மருந்தாகிறது

கண் பார்ப்பதற்கு மட்டும் உரியதல்ல. விழித்திரையில் உள்ள சில நரம்பணுக்கள் உருவங்களைக் காண்பதற்காக அன்றி, வெளியே பகலா இரவா என்பதை மூளைக்கு அறிவிப்பதற்காகவே இருக்கின்றன. அவற்றிலுள்ள மெலனொப்சின் என்ற நிறமி ஒளியை உணர்ந்து, மூளையின் அடியில் நெல்மணியிலும் சிறிதாக அமைந்திருக்கும் உடற்கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகிறது. குளிர்காலத்தில் விடியல் பிந்துவதால் அந்தக் கடிகாரமும் பலருக்குப் பிந்திவிடுகிறது. உடம்பு எழுந்த பின்னும் உள்ளே இன்னும் இரவாகவே இருக்கிறது. காலையில் கிடைக்கும் வலுவான ஒளி, இரவில் சுரந்து தூக்கத்துக்கு உதவும் மெலட்டோனின் என்ற சுரப்பை நிறுத்தி அந்தக் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளுகிறது.

சாதாரண வீட்டு விளக்கு ஏன் இதைச் செய்வதில்லை என்ற கேள்விக்கு எண்கள் பதில் சொல்கின்றன. ஒரு பரப்பின் மீது விழும் ஒளியின் அளவை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறோம். இரவில் நன்றாக வெளிச்சம் போட்ட வரவேற்பறையில் 100 முதல் 300 லக்ஸ் வரை இருக்கும், அலுவலகத்தில் 500 இருக்கலாம். கோடை நண்பகலின் நேர்வெயிலோ 100,000 லக்ஸை எட்டும். கண் தன்னைத் தானே சரிசெய்துகொள்வதால் இந்தப் பெரும் வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை, உடற்கடிகாரத்துக்குத் தெரிகிறது. சிகிச்சைக்கான அளவு, கண்ணை அடையும் இடத்தில் 10,000 லக்ஸ், நாள்தோறும் 30 நிமிடம்.

கனடாவில் நான்கு மையங்களில் நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில் 96 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இந்த அளவு ஒளியும் மறு பிரிவுக்கு ஃபுளுவொக்செட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரை 20 மில்லிகிராமும் எட்டு வாரம் கொடுத்தார்கள். இரு பிரிவிலும் 67 சதவீதத்தினருக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. விளக்கு ஒரு மனஆறுதல் பொருள் அல்ல, மருந்துக்கு நிகரான சிகிச்சை என்பதற்கு நான் நம்பிக் காட்டும் ஆதாரம் இது. மருந்துக்கு நிகர் என்றால் மருந்தைப் போலவே அதற்கும் அளவும் நேரமும் உண்டு என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

எந்த விளக்கை வாங்குவது

பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் 10,000 லக்ஸ் என்ற எண் தனியாக எதையும் சொல்வதில்லை. எவ்வளவு தூரத்தில் அந்த 10,000 கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. தூரம் இரட்டித்தால் ஒளி ஏறத்தாழ நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும். நான் முதலில் வாங்கியது கையடக்கத் தொலைபேசியை விடச் சற்றே பெரிய, அழகான, மலிவான விளக்கு. அதைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, சமையலறையில் அங்குமிங்கும் நடந்தபடி காலை வேலைகளைப் பார்த்தேன். ஒரு பருவம் முழுவதும் பயன் இல்லை. பிறகு அதனுடன் வந்த தாளை வாசித்தபோது, மூலையில் இருந்த சிறிய எழுத்தில், 10,000 லக்ஸ் என்பது 15 சென்டிமீட்டர் தூரத்தில் என்று எழுதியிருந்தது. அந்தத் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு கோப்பை தேநீர்கூடக் குடிக்க முடியாது. இரண்டு மீட்டருக்கு அப்பால் நின்ற எனக்குக் கிடைத்தது சாதாரண அறை விளக்கின் வெளிச்சத்தை விட அதிகமாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

ஆகவே 30 சென்டிமீட்டர் தூரத்திலாவது 10,000 லக்ஸ் தரும் விளக்கைத் தேடுங்கள். அதற்கும் கூடுதலான தூரத்தில் தருமானால் இன்னும் நல்லது. ஒளி வரும் முகப்பு அகலமாக இருப்பது மிகவும் அவசியம். சிறிய முகப்புள்ள விளக்கில் தலையை இரண்டு அங்குலம் அசைத்தாலே ஒளி கண்ணை விட்டு விலகிவிடும். ஏ3 தாள் அளவுக்கு அகன்ற முகப்பென்றால் உண்ணவும் எழுதவும் வாசிக்கவும் இயல்பாக அசையலாம். உறுதியான காலும், சாய்வை மாற்றும் வசதியும் இருக்க வேண்டும். சிறிய விளக்குகள் மேசையில் அழகாக இடம்பிடிக்கின்றன என்பதற்காக அதிகம் விற்கப்படுகின்றன. இட வசதி இருக்குமானால் பெரியதையே வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து.

ஒளி வெள்ளையாக இருந்தால் போதும். நீல ஒளி விளக்குகள் கூடுதல் பலன் தரும் என்று விளம்பரப்படுத்தப்பட்டாலும், ஆய்வுகளில் பெரும்பாலும் சோதிக்கப்பட்டு நிலைபெற்றது வெள்ளை ஒளிதான். கண்ணுக்கும் அதுவே இதமானது. புற ஊதாக் கதிர் வடிகட்டப்பட்டிருப்பதாக உற்பத்தியாளர் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். குழல்விளக்கு வகையில் இது மிகவும் கவனிக்க வேண்டியது. எல்ஈடி வகையில் இயல்பாகவே அக்கதிர் மிகக் குறைவு. ஒளி துடிக்காமல் நிலையாகவும், முகப்பு முழுவதும் சீராகப் பரவியும் இருக்கிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு எல்ஈடியும் தனித்தனிப் புள்ளியாகக் கண்ணைக் குத்தினால் அதை விட்டுவிடலாம்.

தோலைக் கறுப்பாக்கும் விளக்குகளும், தோல் நோய்களுக்கான புற ஊதா விளக்குகளும் முற்றிலும் வேறானவை. அவற்றின் முன் கண்ணைத் திறந்து உட்கார்ந்தால் கண் கெடும். விடியலைப் போல மெதுவாக ஒளி கூட்டும் கடிகார விளக்குகளும் உண்டு. அவற்றின் ஒளி சில நூறு லக்ஸ் மட்டுமே. துயில் எழுவதற்கு அவை உதவும், ஆனால் பெரிய விளக்குக்குப் பதிலாக அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பணம் செலவழிக்கும் முன் சோதித்துப் பார்க்க விரும்புவோருக்கு ஒரு வழி இருக்கிறது. ரொறன்ரோ பொது நூலகம் 2016இல் இத்தகைய விளக்குகளை மல்வேர்ன், பிரென்ட்வூட் கிளைகளில் வைத்தது. ஸ்காபரோவில் வாழும் தமிழர் பலருக்கு மல்வேர்ன் கிளை நடை தூரம். எந்தக் கிளையில் இப்போது கிடைக்கிறது என்று நூலகத்தில் கேட்டு, ஒரு புத்தகத்துடன் போய் உட்கார்ந்தால், அந்த வெளிச்சத்தை உங்கள் கண் தாங்குமா என்றாவது தெரிந்துவிடும். தனியார் காப்புறுதி உள்ளவர்கள், வைத்தியர் எழுதிக் கொடுத்தால் செலவு திரும்பக் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

நாள்தோறும் பயன்படுத்தும் முறை

எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் தொடங்குங்கள். பெரும்பாலோருக்கு காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடைப்பட்ட நேரம் பொருந்தும். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் செய்வது, விடுமுறை நாளிலும் அதை மாற்றாமல் இருப்பது, இரண்டும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வரை தூங்கினால் ஐந்து நாளில் முன்னுக்கு வந்த கடிகாரம் மறுபடி பின்னுக்குப் போய்விடும். மாலையில் விளக்கைப் போட்டால் தூக்கம் கெடும், ஆகையால் அதைத் தவிர்க்க வேண்டும்.

விளக்கை முகத்துக்கு நேரே வைக்காமல் சற்று ஒரு பக்கமாக, கண் மட்டத்துக்குச் சிறிது மேலே, கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். வானத்து ஒளி மேலிருந்து வருவதைப் போல இதுவும் மேலிருந்து வரும்போது கூச்சம் குறைகிறது. நான் சமையலறை மேசையில் மூன்று தடித்த புத்தகங்களை அடுக்கி அவற்றின் மேல் விளக்கை வைத்திருக்கிறேன். மகளின் பள்ளிக்கூட அடிமட்டம் சரியாக 30 சென்டிமீட்டர். அதன் ஒரு முனையை விளக்கின் முகப்பிலும் மறு முனையை மூக்கின் மேல்பகுதியிலும் வைத்துப் பார்த்து, கதிரையின் கால்கள் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் ஒட்டுநாடாவால் இரண்டு சிறிய அடையாளங்கள் இட்டேன். நித்திரை கலையாத காலைகளில் யோசிக்கத் தேவையின்றி அந்த அடையாளத்தில் கதிரையை இழுத்துப் போட்டுவிட முடிகிறது. அதன் பிறகு முப்பது நிமிடத்தில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, தேநீர் குடித்து, அன்றைய செய்தியை வாசித்து முடிக்கலாம்.

கண்கள் திறந்திருக்க வேண்டும், ஆனால் விளக்கை உற்றுப் பார்க்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு தியானம் செய்தால் பெரும்பகுதி ஒளி இமையிலேயே நின்றுவிடும். சாதாரண மூக்குக்கண்ணாடி அணியலாம். கறுப்புக் கண்ணாடியும், நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடியும் வேண்டாம். குனிந்து தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒளியின் பெரும்பகுதி நெற்றியில்தான் விழும், ஆகவே வாசிக்கும் பொருளைச் சற்று உயர்த்தி வைப்பது நல்லது. உங்கள் விளக்கு உங்கள் தூரத்தில் 5,000 லக்ஸ்தான் தருகிறது என்றால் ஒரு மணி நேரமும், 2,500 என்றால் இரண்டு மணி நேரமும் உட்கார வேண்டியிருக்கும்.

முதல் வாரத்தில் 10 அல்லது 15 நிமிடத்தில் தொடங்கி மெதுவாக 30க்குக் கூட்டினால் தலைவலியும் கண் உளைச்சலும் குறையும். இவையும் குமட்டலும் சிலருக்குத் தொடக்கத்தில் வருவதுண்டு. சற்றுப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாலோ நேரத்தைக் குறைத்தாலோ பெரும்பாலும் அடங்கிவிடும். தூக்கம் குறைந்தும் களைப்பே தெரியாமல், பேச்சு வேகமெடுத்து, எண்ணங்கள் ஓடத் தொடங்கினால் அன்றே விளக்கை நிறுத்திவிட்டு வைத்தியரை அழையுங்கள். அந்த மாற்றம் உங்களுக்குத் தெரியாமல் வீட்டாருக்கு முதலில் தெரியலாம் என்பதால், தொடங்கும் முன்பே அவர்களிடமும் இதைச் சொல்லி வைப்பது நல்லது.

எழுந்த நேரம், தூங்கிய நேரம், அன்றைய மனநிலைக்குப் பத்தில் எத்தனை என்ற ஓர் எண், இம்மூன்றையும் நாள்காட்டியில் குறித்து வாருங்கள். சிலருக்கு நாலைந்து நாளிலேயே மாற்றம் தெரியும், பலருக்கு இரண்டு வாரம் ஆகும். இரண்டு வாரத்துக்குப் பிறகும் எண்கள் அசையவில்லை என்றால் முதலில் தூரத்தை மறுபடி அளந்து பாருங்கள், பின்பு வைத்தியருடன் பேசி நேரத்தை 45 அல்லது 60 நிமிடமாக்குங்கள். மாலை ஏழு மணிக்கே கண் சொருகி அதிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்தால் ஒளி உங்களுக்கு அளவுக்கு மீறி முந்திவிட்டது. தொடங்கும் நேரத்தை அரை மணி பிந்தச் செய்யுங்கள். இரவு வேலை செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, ஏனென்றால் அவர்களின் உடற்கடிகாரத்தின் காலை வேறிடத்தில் இருக்கிறது. தவறான நேரத்து ஒளி நிலைமையை மோசமாக்கலாம் என்பதால் அவர்கள் தூக்க மருத்துவரிடம் நேர அட்டவணை கேட்டுப் பெறுவதே பாதுகாப்பு.

விளக்கு செய்யாதவை

விற்றமின் டி இந்த விளக்கிலிருந்து கிடைக்காது. இது நம்மவரிடையே மிகவும் பரவலான தவறான எண்ணம். தோலில் விற்றமின் டி உருவாகப் புற ஊதா பி கதிர் வேண்டும். இந்த விளக்கிலோ அது வேண்டுமென்றே நீக்கப்பட்டிருக்கிறது. கருமையான தோலுக்கு அந்தக் கதிர் இன்னும் அதிகமாக வேண்டியிருப்பதால், கனடியக் குளிர்காலத்தில் வைத்தியரின் ஆலோசனைப்படி அதை மாத்திரையாக எடுப்பதுதான் வழி.

மனச்சோர்வுக்கான மாத்திரை எடுப்பவர்கள் விளக்கு வாங்கிவிட்டோம் என்று தாமாகவே மாத்திரையை நிறுத்தக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது வழக்கமே. பருவகால மனச்சோர்வுக்கென்று அமைந்த சிந்தனை மற்றும் நடத்தைச் சிகிச்சை என்ற உரையாடல் சிகிச்சையும் உண்டு. ஒளிச்சிகிச்சையுடன் ஒப்பிட்ட ஆய்வில், அந்தக் குளிர்காலத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன, ஆனால் இரண்டு குளிர்காலங்களுக்குப் பிறகு நோய் திரும்பியது உரையாடல் சிகிச்சை பெற்றவர்களிடம் குறைவாக இருந்தது. விளக்கைப் போடும் வரைதான் விளக்கின் பலன், கற்றுக்கொண்ட பழக்கமோ கையோடு இருக்கும். வாய்ப்பு உள்ளவர்கள் இதையும் வைத்தியரிடம் கேளுங்கள். பனி கிடக்கும் நண்பகலில் மேகம் மூடியிருந்தாலும் வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும்; மதிய இடைவேளையில் இருபது நிமிடம் நடப்பது விளக்குக்கு நல்ல துணை.

பருவத்தின் தொடக்கமும் முடிவும்

சோர்வு முழுதாகப் பிடித்த பின் தொடங்குவதை விட, அது வழக்கமாகத் தலைகாட்டுவதற்கு ஓரிரு வாரம் முன்பே தொடங்குவது எளிது. எனக்கு அது ஒக்டோபர் முதல் வாரம். தொடங்கிச் சில நாட்களில் மனம் தெளிந்தவுடன் நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. நிறுத்திய ஓரிரு வாரத்தில் சோர்வு திரும்பிவிடும். குளிர்காலம் முழுவதும் விடாமல் செய்து, உங்கள் உடம்பு வழக்கமாகத் தெளியும் மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ நேரத்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். பிறகு விளக்கின் முகப்பை உலர்ந்த மென்மையான துணியால் துடைத்து, அதன் கையேட்டுடன் சேர்த்து அலுமாரியில் எடுத்து வையுங்கள். குழல்விளக்கு வகையாக இருந்தால் அதன் ஒளி காலப்போக்கில் மங்கும். எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு குழலை மாற்ற வேண்டும் என்பது அந்தக் கையேட்டில் இருக்கும், செப்டெம்பர் கடைசியில் விளக்கை மீண்டும் வெளியே எடுக்கும்போது அதை முதலில் பாருங்கள்.